உத்தியும் கையும்: நாள ஒட்டு முறைகளை ஒப்பிடும் மருத்துவ எழுத்துகள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

உத்தி என்னும் சொல் தமிழுக்குப் புதிதன்று. நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டென்று தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கும். எனினும் தற்கால இலக்கிய விமரிசனத்தில் இச்சொல்லுக்கு நேர்ந்த கதி வேறு. உருவவாதிகள் உத்தியைப் படைப்பாளியிடமிருந்தும் அவன் வாழும் சமுதாயத்திடமிருந்தும் பிரித்தெடுத்து, அதற்கெனத் தனியுயிர் ஒன்று இருப்பதுபோலப் பேசிப் பழகிவிட்டனர். நனவோடை உத்தி சிறந்ததா, நேரடிக் கதைகூறல் சிறந்ததா என்று அவர்கள் வினவும்பொழுது, யாருடைய கையில், யாருக்காக, எந்நிலைமையில் என்னும் வினாக்கள் மறைந்துபோகின்றன. இம்மயக்கம் இலக்கியத்துக்கு வெளியேயும் உண்டு. அங்கு அதன் விளைவுகள் மனிதரின் உடலிலேயே பதிகின்றன. இதனை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருதயத்துக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகளில் அடைப்பு ஏற்பட்டவிடத்துச் செய்யப்படும் பைபாஸ் சத்திரசிகிச்சையே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நோயாளியின் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்து, அடைப்பினைத் தாண்டிக் குருதி செல்லுமாறு அதனை ஒட்டுவது இச்சிகிச்சையின் முக்கியமான ஒரு பகுதி. அந்நாளத்தை எந்த உத்தியால் எடுப்பது நன்று என்பது பற்றிக் கடந்த முப்பதாண்டுகளில் ஒப்பீட்டாய்வுகள் பல வெளிவந்துள்ளன. மருத்துவம் மருத்துவர்க்கே உரியது, இலக்கிய மாணாக்கர்க்கு அங்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். நாம் தலையிடுவது எழுத்தில் மட்டுமே. ஆய்வுக் கட்டுரையும் எழுத்துத்தான். அதற்கும் எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, தொக்குநிற்கும் எழுவாயும் உண்டு. தொக்கதை விரித்துப் பொருள் காண்பது உரையாசிரியர் காலந்தொட்டு நமது தொழிலாகும்.

கலைச்சொல் குறித்து ஒரு வார்த்தை. இலங்கைப் பாடநூல்கள் நாடி, நாளம் என்பவற்றைத் தமிழ்நாட்டார் தமனி, சிரை என்பர். நாம் நமது வழக்கையே கைக்கொள்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களையும் தமிழ்ப்படுத்திய டாக்டர் சாமுவேல் கிறீன் அமைத்த வழியில் இத்தகைய பொருளைத் தமிழிற் பேசுதல் ஒன்றும் செயற்கரிய செயலன்று. பேசாதிருப்பதுதான் வியப்பு.

வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் கலை அலெக்சிஸ் கரெலின் பரிசோதனைகளோடு வளர்ந்தது. அதற்காக அவர் 1912 இல் நோபெல் பரிசு பெற்றார். மனித இருதயத்தில் இதனைப் பயன்படுத்துதற்கு அரைநூற்றாண்டு சென்றது. 1964 இல் லெனின்கிராட்டில் வசிலி கொலெசொவ், மார்பின் உட்புறத்தே ஓடும் நாடியை முடியுரு நாடியோடு தைத்து இணைத்தார். அவருடைய நாட்டு இதயநோய் நிபுணர்களே அதனை ஆதரவோடு வரவேற்கவில்லை என்பதை முற்போக்காளர் மறைக்க வேண்டியதில்லை. 1967 மே மாதத்தில் கிளீவ்லாந்தில் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த றெனே பவலோரோ, ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருவரின் வலது முடியுரு நாடியில் அடைப்புற்ற பகுதியைக் கால் நாளத்தினால் மாற்றீடு செய்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது அறிக்கை பதினைந்து நோயாளரைப் பற்றியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் இச்சிகிச்சை மேற்குலகெங்கும் பரவிற்று.

மார்பு நாடியினும் கால் நாளம் முதன்மை பெற்றது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. நாளம் நீளமானது, எளிதில் எட்டுவது, ஒருவர் மார்பைத் திறக்கும்போதே இன்னொருவர் காலைத் திறக்கலாம். இவ்விறுதிக் காரணத்தை மருத்துவ வரலாற்றாசிரியர் ஒரு வசதியாகவே குறிப்பர். எமது கருத்தில் அது வசதிக்கு மேற்பட்டதொன்று. சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஆலைக்குரிய வேலைப்பிரிவினை புகுந்த இடம் அதுவே. மார்பின் பக்கத்தில் நிபுணர். காலின் பக்கத்தில் பயிற்சி பெறும் இளைய வைத்தியர் அல்லது, ஐக்கிய அமெரிக்காவிற் பெரும்பாலும் காண்பதுபோல, வைத்திய உதவியாளர். ஒரே மேசை, ஒரே உடல், இரு தொழில்நிலைகள். இருதயம் காவியங்களிலும் உயர்ந்த உறுப்பு, கூடத்திலும் உயர்ந்த உறுப்பு. கால் இரண்டிடத்தும் தாழ்ந்தது.

ஆயின் தாழ்ந்த பக்கத்தில் நடப்பதே உயர்ந்த பக்கத்தின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிக்கின்றது. 1986 இல் அதே கிளீவ்லாந்திலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, முன்புறத்து முடியுரு நாடிக்கு மார்பு நாடி பொருத்தப்பட்டோர், நாளம் மட்டும் பொருத்தப்பட்டோரினும் நீண்டு வாழ்வதைக் காட்டிற்று. நாள ஒட்டு ஏன் தோற்கின்றது என்னும் கேள்வி அதன்பின் கூர்மையடைந்தது. கனடாவில் 1969 முதல் 1994 வரை செய்யப்பட்ட சிகிச்சைகளைத் தொடர்ந்து அவதானித்து 1996 இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, நாள ஒட்டுகளில் தொடக்கத்தில் 88 சதவீதமும், ஓராண்டில் 81 சதவீதமும், ஐந்தாண்டில் 75 சதவீதமும், பதினைந்தாண்டும் அதற்கு மேலும் சென்றவிடத்து 50 சதவீதமுமே திறந்திருந்தன. முதல் மாதத்தில் குருதிக்கட்டியும், முதலாண்டில் உட்சுவரின் தடிப்பும், பின்னர் கொழுப்புப் படிவும் நாளத்தை அடைக்கின்றன. இம்மூன்றுக்கும் பொதுவான தொடக்கப்புள்ளிகளுள் ஒன்று, நாளத்தின் உட்சுவரைப் போர்த்திருக்கும் அகவணிக் கலங்களுக்கு அதனை எடுக்கும்போதே நேரும் சேதமாகும். எனவே எடுக்கும் முறை என்பது சிறு விடயமன்று.

முறைகள் மூன்று. முதலாவது, கணுக்காலின் உட்புறத்திலிருந்து தொடைவரை தோலை நீளக் கீறி, நாளத்தைச் சுற்றியுள்ள இழையங்களினின்றும் உரித்தெடுத்து, கிளைகளைக் கட்டி அறுத்து, வெளியே எடுப்பது. தொட்டமாத்திரத்தில் நாளம் சுருங்கும். சுருக்கத்தை நீக்கவும் ஓட்டையுண்டா என்று பார்க்கவும் சிறிஞ்சினால் உப்புக் கரைசலை அதனுள் அழுத்திச் செலுத்துவர். அவ்வழுத்தமே அகவணியைக் கிழிக்கக் கூடியது. இரண்டாவது, 1990களின் நடுப்பகுதியில் எழுந்த அகநோக்கி முறை. முழங்காலருகே சிறு கீறல் ஒன்றிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தித் தோலின் கீழே ஒரு சுரங்கத்தை உண்டாக்கி, கமராவின் துணையோடு கிளைகளைச் சுட்டு அறுத்து, நாளத்தை உருவி எடுப்பது. புண் சிறிது, ஆனால் நாளம் இழுபடலாம், சுடுபடலாம். மூன்றாவது, சுவீடனில் ஒறிப்றோ நகரத்துப் பல்கலைக்கழக வைத்தியசாலையில் பிரேசில் நாட்டவரான டொமிங்கோஸ் சோசா வகுத்தது. 1996 இல் அது பற்றிய கட்டுரை வெளிவந்தது. நாளத்தைச் சூழ்ந்த கொழுப்பு இழையத்தை அகற்றாது, அதனோடு சேர்த்தே நாளத்தைத் திறந்த கீறலின் வழியாக எடுப்பர், சிறிஞ்சினால் விரிப்பதில்லை. நாளச் சுவருக்கு உணவூட்டும் நுண்குழாய்கள் அக்கொழுப்பினுள்ளே காக்கப்படுகின்றன. முடியுரு நாடிக்குப் புதுவழி அமைத்த பவலோரோவும் இம்முறையை வகுத்த சோசாவும் இலத்தீன் அமெரிக்காவிற் பிறந்து, செல்வநாடுகளின் கூடங்களிலே தம் கண்டுபிடிப்பைச் செய்தவர்கள் என்பதை இடையே குறித்து வைப்போம். விளிம்பின் மூளையும் கையும் மையத்தின் பெயரால் வழங்கும் வரலாறு இலக்கியத்திலும் நாம் அறிந்ததே.

இனி இவற்றுக்கு இடப்பட்ட பெயர்களை நோக்குக. முதலாவதன் பெயர் திறந்த முறை அல்லது வழக்கமான முறை. இரண்டாவது கருவியாற் பெயர் பெற்றது. மூன்றாவதன் ஆங்கிலப் பெயர் ‘தொடாமுறை’ என்று பொருள்படும். கீறலின் தன்மை, கருவி, ஒரு மறுப்பு என மூன்று பெயர்களிலும் செய்பவன் இல்லை. மூன்றாவது பெயர் மிகவும் நயமானது. மூன்றனுள் மிக நிதானமான, பயின்ற கையை வேண்டிநிற்கும் முறைகளுள் ஒன்று, கையே படாததுபோலப் பெயரிடப்பட்டிருக்கின்றது. மூன்றுக்கும் பொதுவாக நாளத்தை எடுத்தலை ஆங்கில மருத்துவ வழக்கு ‘அறுவடை’ என்கின்றது. உடல் விளைநிலமாகவும் நாளம் விளைச்சலாகவும் ஆகிவிட்ட இவ்வுருவகத்தில், அறுவடை செய்தவனை விட்டு நிலத்தையும் நெல்லையும் மட்டும் கணக்கெழுதும் பண்ணைக் கணக்குப்பிள்ளையின் மனோபாவம் தெரிகின்றது. ‘நாளம் அறுவடை செய்யப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வாக்கியம் அறிவியல் நடுநிலையின் அடையாளமாகக் கருதப்படுவது. நடுநிலைமை ஓரளவு உண்மையே. ஆயினும் யாரால் என்னும் மூன்றாம் வேற்றுமை அங்கே தொக்குநிற்கின்றது. அத்தொகையை விரித்தால் ஒப்பீட்டின் முடிவே மாறக்கூடும் என்பதுதான் நாம் வலியுறுத்த விரும்புவது.

இதற்கு இரு பெரும் ஆய்வுகள் சான்று. முதலாவது 2009 இல் வெளிவந்தது. இது நாளம் எடுக்கும் முறைகளை ஒப்பிடுவதற்கென எழுந்த ஆய்வன்று. நாள ஒட்டு அடைபடுவதைத் தடுக்குமென எதிர்பார்க்கப்பட்ட எடிபொலிஜைட் என்னும் மருந்தை, மருந்துக் கம்பனிகளின் நிதியோடு, ஐக்கிய அமெரிக்காவில் மூவாயிரத்துக்குச் சற்று அதிகமானோரிடம் பரிசோதித்தனர். மருந்து பயன்தரவில்லை என்பது 2005 இல் வெளிப்பட்டது. எஞ்சிய தரவுகளிலிருந்து பிறந்ததே இவ்வொப்பீடு. அகநோக்கி முறையில் நாளம் எடுக்கப்பட்டோர் 1753 பேர். திறந்த முறையில் 1247 பேர். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களில் ஒட்டு தோல்வியுற்றோர் முன்னையவரில் 46.7 சதவீதம், பின்னையவரில் 38.0 சதவீதம். மூன்றாண்டுக்குள் இறந்தோர் முறையே 7.4, 5.8 சதவீதம். அகநோக்கி முறை ஆபத்தானதோ என்னும் அச்சம் எங்கும் பரவிற்று.

இரண்டாவது ஆய்வு 2019 இல் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவின் முன்னாட் படைவீரர்க்கான அரசாங்க வைத்தியசாலைகள் பதினாறில், 1150 நோயாளரை எழுமாறாக இரு பிரிவாக்கி நடத்தப்பட்டது. ஏறத்தாழ மூன்றாண்டு சென்றபின், மரணம், மாரடைப்பு, மீண்டும் சிகிச்சை ஆகியவற்றுள் ஏதேனும் நேர்ந்தோர் திறந்த முறையில் 15.5 சதவீதம், அகநோக்கி முறையில் 13.9 சதவீதம். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. காற்புண்ணில் தொற்று ஏற்பட்டோரோ 3.1 சதவீதமும் 1.4 சதவீதமும் ஆவர். பத்தாண்டு அச்சம் நீங்கிற்று.

ஒரே முறை, ஒரே நாடு. முடிவு ஏன் வேறாயிற்று? முதலாவதில் நோயாளர் எழுமாறாகப் பிரிக்கப்படவில்லை என்பது புள்ளிவிவரவியலாரின் விடை. அது சரியான விடையே. ஆனால் முழு விடையன்று. 2009 ஆம் ஆண்டு அட்டவணைகளில் நோயாளியின் வயது உண்டு, நீரிழிவு உண்டு, இருதயத்தின் வலு உண்டு. நாளத்தை எடுத்தவர் எத்தனை ஆண்டு பயின்றவர் என்பது இல்லை. இரண்டாவது ஆய்விலே, அகநோக்கி முறையில் நூறு பேருக்கு மேல் நாளம் எடுத்தவரும், இடையிலே கைவிட்டுத் திறந்த கீறலுக்கு மாறிய சந்தர்ப்பங்கள் ஐந்து சதவீதத்துக்குக் குறைந்தவருமே கருவியைக் கையாள அனுமதிக்கப்பட்டனர். அதாவது, முதலாவது ஆய்வு ஒப்பிட்டது உத்தியோடு கலந்துகிடந்த, கணக்கிலெடுக்கப்படாத கைகளை. இரண்டாவது, கைகளை ஒரு தரத்துக்குக் கொண்டுவந்தபின் உத்தியை. 2011 இல் வெளிவந்த வேறோர் ஆய்வு, பயிலுநர் எடுத்த நாளங்களின் உட்சுவரிற் சேதம் மிகுந்திருந்ததை நேரிற் காட்டியிருந்தது. எனினும் சுருக்கவுரைகளிலும் மாநாட்டு மேடைகளிலும் இரண்டு முறைகளும் சமம் என்னும் வாசகமே நின்று நிலைத்தது. கைக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை, கட்டுரையின் நடுவே ஆய்வுமுறை கூறும் பகுதியில் தங்கிவிட்டது. மனிதருக்கிடையிலான உறவு பொருட்களுக்கிடையிலான உறவாகத் தோற்றம் கொள்கின்றது என மார்க்ஸ் 1867 இல் பண்டத்தைக் குறித்துக் கூறியதனை, கருவிக்கும் கீறலுக்கும் இடையிலான போட்டியாக உருமாறிய இவ்வெழுத்துகளில் நாம் காண்கின்றோம்.

எண்கள் பொய் என்பது எமது வாதமன்று. கொச்சை மார்க்சியர் சிலர், அகநோக்கிக் கருவி கம்பனிகளின் இலாபத்துக்காகப் புகுத்தப்பட்டது, ஆகவே தீயது என்று முடித்துவிடுவர். ஒருமுறை பயன்படுத்தி வீசப்படும் உபகரணத் தொகுதி ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக விலைகொடுத்து வாங்கப்படுவது உண்மைதான். கட்டில் விரைவாகக் காலியாவது வைத்தியசாலைக் கணக்குக்கு உகந்தது என்பதும் உண்மைதான். அமெரிக்காவில் இம்முறை வேகமாகப் பரவியதற்கு இவை துணைசெய்தன எனக் கருத இடமுண்டு. ஆயின் காலின் முழுநீளத்துக்கும் கிழிபட்ட நீரிழிவு நோயாளி ஒருவருக்குச் சிறு கீறல் பெரும் விடுதலை. இலாபம் தேடிய கருவி வேதனையையும் குறைக்கின்றது; அதே கருவி பயிலாக் கையில் ஒட்டின் ஆயுளையும் குறைக்கின்றது. முரண்பாடு கருவியின் உள்ளேயே இருக்கின்றது. பொதுவுடைமையை வெறுக்கும் அந்நாட்டில் மேற்கூறிய தெளிவான ஒப்பீடு அரசாங்கம் நேரே நடத்தும் வைத்தியசாலைகளிலிருந்தே பிறந்தது என்பதும் சுவையான செய்தி. அங்கு பரிசோதிக்கப்பட்டோர் கிட்டத்தட்ட யாவரும் ஆண்கள் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பவலோரோவின் முதல் நோயாளி ஒரு பெண்.

மூன்றாவது முறையின் வரலாறு இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றது. ஒறிப்றோவில் 1990களில் 156 நோயாளரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வின் முடிவுகள் வியப்பூட்டுவன. எட்டரையாண்டில் தொடாமுறை ஒட்டுகளில் 90 சதவீதமும் வழக்கமான ஒட்டுகளில் 76 சதவீதமும் திறந்திருந்தன. பதினாறாண்டில் 83, 64 சதவீதம். நாளம் நாடியை எட்டிப்பிடித்துவிட்டது என்று பேசலாயினர். இம்முறை அது பிறந்த பட்டறையை விட்டு வெளியே சென்றபோது நிகழ்ந்தது என்ன? சீனாவில் ஏழு வைத்தியசாலைகளில் 2655 நோயாளரிடம் நடத்தி 2021 இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் அடைபட்ட ஒட்டுகள் தொடாமுறையில் 3.7 சதவீதம், வழக்கமான முறையில் 6.5 சதவீதம். நன்மை நின்றது. சுவீடனை மையமாகக் கொண்டு வடஐரோப்பிய வைத்தியசாலைகள் பலவற்றில் 902 நோயாளரிடம் நடத்தப்பட்டு, 2024 இல் முடிவு அறிவிக்கப்பட்ட ஆய்விலோ, ஒட்டின் தோல்வியும் மரணமும் உள்ளிட்ட கூட்டுக்கணக்கு ஈராண்டில் 19.8 சதவீதமும் 24.0 சதவீதமுமாக நின்றது. வேறுபாடு தற்செயலினும் மேற்பட்டதென நிறுவப்படவில்லை. வகுத்தவரின் கூடத்தில் நெடுங்காலத்திற் பெருநன்மை. பல கூடங்களுக்குப் பரவியபோது ஓரிடத்தில் மிதமான நன்மை, ஓரிடத்தில் ஐயம். பின்தொடர்ந்த காலமும் அளவுகோலும் வேறுவேறு என்பதால் இவற்றை ஒரே தட்டிலிட்டு நிறுக்கலாகாது. ஆயினும் ஓர் உத்தி அது வழங்கும் தொழிற்கூடத்தின் பயிற்சி முறையோடு சேர்த்தே மதிப்பிடப்படல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மேலும், இவ்வாய்வில் மிக முக்கியமான எண் மேற்கூறியவற்றுள் எதுவுமன்று என்பது எமது துணிபு.

அவ்வெண் காலைப் பற்றியது. மூன்று மாதத்திற் காற்புண் தொடர்பான சிக்கலுடையோர் வழக்கமான முறையில் 13.8 சதவீதம், தொடாமுறையில் 24.7 சதவீதம். ஈராண்டு சென்ற பின்னும் அத்தகைய சிக்கலுடையோர் முறையே 25.2, 49.6 சதவீதம். சீன ஆய்விலும் மூன்று மாதத்திற் காற்புண்ணுக்கு மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டியோர் தொடாமுறையில் இருமடங்குக்கு மேல். இரண்டாண்டு கழிந்தும் இருவரில் ஒருவர் காலிலே தொல்லையோடு வாழ்கின்றார் என்பதை ஒரு நாவலாசிரியன் அறிந்திருந்தால் அதிலிருந்தே கதையைத் தொடங்கியிருப்பான். ஆய்வுக் கட்டுரையின் இலக்கணம் அதனை இரண்டாம் நிலைப் பயன் என்னும் தலைப்பின்கீழ் வைக்கின்றது. முதல்நிலைப் பயன் எது, இரண்டாம் நிலைப் பயன் எது என்று ஆய்வு தொடங்குமுன்னரே வகுத்துவிடுவது எண்களைத் தம் விருப்பத்துக்கு வளைப்பதைத் தடுக்கும் நல்விதி. எனினும் அவ்வகுப்பு யாருடைய விழுமியங்களின்படி செய்யப்படுகின்றது? சீ.ரி. கதிர்ப்படத்தில் தெரியும் ஒரு நாளத்தின் ஒடுக்கம், அது நோயாளிக்கு எவ்வித நோவையும் தராதபோதும், முதல்நிலையிற் சேர்கின்றது. நோயாளி நாள்தோறும் உணரும் காலின் வீக்கமும் மரத்தலும் இரண்டாம் நிலையில் நிற்கின்றன. நிபுணரின் கைப்பொருளான ஒட்டு மேலே. நோயாளியின் கைப்பொருளான கால் கீழே.

கூட்டுக்கணக்கு என்னும் உத்தியும் ஆராயத்தக்கது. மரணம், மாரடைப்பு, மீள்சிகிச்சை ஆகியவற்றை ஒன்றாகக் கூட்டி ஓர் எண்ணாக்குவது நிகழ்வுகள் அரிதாயிருக்கும்போது ஆய்வை நடத்தக்கூடியதாக்குகின்றது. இதனை மறுக்க முடியாது. ஆனால் இறந்தவனும் இன்னொருமுறை வைத்தியசாலைக்குச் சென்று வந்தவனும் ஒரே அலகாக எண்ணப்படும் இக்கணக்கில், காப்பியத்தின் படைத்தொகைபோல மனிதர் திரளாகிவிடுகின்றனர். காலோ அத்திரளிலும் சேர்க்கப்படுவதில்லை. எல்லாக் கால்களும் ஒரே கால்களுமல்ல. மேசையருகே அமர்ந்து தொழில் செய்பவரின் கால் மூன்று மாதம் வீங்கியிருந்தால் அது தொல்லை. நின்றும் நடந்தும் சுமந்தும் கூலி பெறுபவரின் கால் அவ்வாறிருந்தால் அது வருமானமின்மை. ஆய்வுகள் நோயாளரை வயது, பால், நோய் என்பனவற்றாற் பிரித்து அட்டவணைப்படுத்துகின்றன. தொழிலாற் பிரிப்பதைக் காண்பது மிக அரிது. பத்தாண்டு கூடுதலாகத் திறந்திருக்கும் ஒட்டும் ஈராண்டு வருந்தும் காலும் ஒரு தராசின் இரு தட்டுகளாயின், தராசைப் பிடிக்கும் உரிமை எவருக்கு என்பதை எந்தப் புள்ளிவிவர முறையும் தீர்த்துவைக்காது. எழுபது வயதினருக்கும் ஐம்பது வயதினருக்கும் விடை வேறு; ஓய்வூதியம் உடையோருக்கும் நாட்கூலிக்கும் விடை வேறு. அதனை நோயாளியோடு பேசித் தீர்ப்பதற்கு வேண்டிய செய்தி கட்டுரையின் மூலையில் கிடக்கின்றது.

இவ்விடத்துப் பவலோரோவின் வேறோர் எழுத்து நினைவுக்கு வருகின்றது. கிளீவ்லாந்துக்குச் செல்லுமுன்னர் அவர் பன்னிரண்டு ஆண்டு லா பம்பா மாகாணத்தின் ஹசிந்தோ அறவுஸ் என்னும் சிற்றூரில் நாட்டுப்புற வைத்தியராக இருந்தவர். அவ்வாழ்க்கையை 1980 இல் ஒரு நூலாக எழுதினார். சகோதரரோடு சேர்ந்து அங்கே சிகிச்சை நிலையம் அமைத்ததும், ஊராரையே குருதிக் கொடையாளராக ஒழுங்குபடுத்தியதும், மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சி அளித்ததும் அவரது வாழ்வின் அறியப்பட்ட பகுதிகள். ஒரே மனிதர் இரு எழுத்துகளை ஆக்கியிருக்கின்றார். 1968 ஆம் ஆண்டு அறிக்கை செயப்பாட்டு வினையில் நாளத்தைப் பற்றிப் பேசுவது. 1980 ஆம் ஆண்டு நினைவுநூல் தன்மைக் கூற்றில் மனிதரைப் பற்றிப் பேசுவது. முன்னதை அறிவியல் என்றும் பின்னதை இலக்கியம் என்றும் பிரித்து, முன்னதற்கு உண்மையையும் பின்னதற்கு உணர்ச்சியையும் பங்கிட்டுக் கொடுப்பது எளிது. எமக்கு அப்பங்கீடு உடன்பாடன்று. நாளம் எங்ஙனம் திறந்திருக்கின்றது என்பதை முன்னது கூறுகின்றது. திறந்த நாளத்தோடு வீடு திரும்புபவன் எவ்வுலகுக்குத் திரும்புகின்றான் என்பதைப் பின்னது கூறுகின்றது. இரண்டாவது அறிவின்றி முதலாவது அறிவு குறைபட்டதென்பதை அவரே தம் வாழ்க்கையாற் காட்டினார். 1971 இல் நாடு திரும்பி, 1975 இல் ஒரு நிறுவனத்தை நிறுவி, வசதியற்றோருக்கும் இச்சிகிச்சை கிடைக்க முயன்றார். பொருளாதார நெருக்கடியில் நிறுவனம் பெருங்கடனில் மூழ்கிய நிலையில், 2000 ஜூலை 29 இல் தம்முயிரைத் தாமே முடித்துக்கொண்டார். உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் பயன்பெற்ற சிகிச்சையின் முன்னோடிக்கு அவரது சொந்த நாட்டின் கடன்முறைமை இடம் வைக்கவில்லை.

ஒப்பீடுகள் யாவற்றையும் தொகுத்து 2018 இல் ஐரோப்பிய இருதயநோய்ச் சங்கமும் இருதய சத்திரசிகிச்சைச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டல், அகநோக்கி முறையைக் கருத்திற் கொள்ளலாம் என்று கூறும்போது அனுபவமிக்க சத்திரவைத்தியர் செய்வாராயின் என்னும் நிபந்தனையைச் சேர்த்தது. திறந்த முறையிற் செய்வதாயின் தொடாமுறையைக் கருத்திற் கொள்ளலாம் என்றது. கால்நூற்றாண்டாகத் தொக்குநின்ற எழுவாய் இறுதியில் ஒரு நிபந்தனை எச்சத்தின் வழியே வாக்கியத்துள் நுழைந்திருக்கின்றது. நல்ல அறிகுறியே. ஆயினும் நாளத்தை எடுப்போர் பல நாடுகளில் சத்திரவைத்தியர் அல்லர், உதவியாளரும் பயிலுநருமே. அனுபவம் வானத்திலிருந்து வருவதுமன்று. 2019 ஆம் ஆண்டு ஆய்வு தகுதியாகக் கேட்ட நூறு சிகிச்சைகளும் நூறு நோயாளரின் கால்களிலே நடந்தவை. அவற்றுள் முதல் இருபது, முப்பது கால்களுக்குரியோர் எவ்வகை வைத்தியசாலையில், எந்தக் கட்டில்களில் கிடந்தனர் என்பது அந்த ஆய்வின் கேள்வியாக இருக்கவில்லை. பயிற்சி பெரும்பாலும் போதனா வைத்தியசாலைகளில் நடைபெறுவது. அங்கு பணம் கொடுத்து நிபுணரைத் தெரிந்துகொள்ள இயலாதோரே பெரும்பான்மையர். நாளம் எடுத்தவரின் பயிற்சிக்காலம், அவரது தொழில்நிலை, மேற்பார்வை இருந்ததா என்பது, நோயாளியின் தொழில், அவர் மீண்டும் வேலைக்குத் திரும்பிய நாள் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பதிவேட்டில் எழுதுவது, சுவீடன் போன்று தேசிய இருதயநோய்ப் பதிவேடு உள்ள நாடுகளில் கடினமான வேலையன்று. அவ்வாறு எழுதப்பட்ட பதிவேட்டிலிருந்து பிறக்கும் ஒப்பீட்டை வாசிப்பதற்கு நாம் காத்திருக்கின்றோம்.